கொப்பு போடாமல் நடந்த வழி

என் பிள்ளைகளே, நீங்கள் பிறக்கும்போதே வீட்டில் ஜெபம் இருந்தது. சாப்பிடுவதற்கு முன் கண்ணை மூடுவது உங்களுக்குக் கை கழுவுவது மாதிரிப் பழகிப் போயிற்று. அதனால் இந்த வழிக்கு நான் எப்படி வந்தேன் என்று நீங்கள் கேட்டதில்லை. கேட்காமலே நீங்களாக ஒரு கதை கட்டிக்கொண்டீர்கள். போன கிறிஸ்துமஸ் அன்று உங்களில் நடுவுள்ளவன் பக்கத்து வரிசை லயத்து வீட்டுப் பிள்ளைகளிடம், "எங்கப்பா யானை முன்னால நின்னு ஜெபம் பண்ணுனவரு, அது மண்டி போட்டுட்டுப் போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தான். நான் அடுப்படியில் இருந்தேன். உங்கள் அம்மா என்னைப் பார்த்தாள். நான் வெளியே வந்து, அப்படி இல்லை என்று சொல்லவில்லை. அந்த வெட்கம் இத்தனை நாளாக உறுத்துகிறது. நான் இரண்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள். நடந்ததில் பிழை வராமல் பார்த்துக்கொள்கிறேன்.

இருபத்துநாலாம் வருஷம் பெரிய வெள்ளம் வந்து மூணாற்றை அடித்துக்கொண்டு போனதே, அதற்கு இரண்டு வருஷம் முந்தி நடந்தது இது. அப்போது சின்னக்கானல் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நான் தபால்காரன். சர்க்கார் தபால்காரன் இல்லை. துரை பங்களாவுக்கு வரும் கடிதப் பையையும் ரொட்டியையும், சில நாள் இறைச்சியையும், மூணாற்றிலிருந்து முதுகில் சுமந்து வரும் ஆள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும் என்பதால் கங்காணி என்னை அதில் போட்டார். மற்றவர்கள் கூட்டமாய்க் கொழுந்தெடுக்கப் போவார்கள், கூட்டமாய்த் திரும்புவார்கள். நான் மட்டும் தனியே போய்த் தனியே வரவேண்டும். கையில் மணி கட்டிய கம்பு ஒன்று இருக்கும். அந்த மணிச் சத்தம் யானையை விரட்டவா கூப்பிடவா என்று எனக்குக் கடைசிவரை சந்தேகம்தான்.

தேயிலை வரிசை முடிகிற இடத்தில் சோலைக்காடு தொடங்கும். காட்டுக்குள் பாதை இறங்கி, ஈற்றை மூங்கில் புதர்களுக்கு நடுவே இரண்டு மைல் போகும். ஈற்றை யானைக்குப் பிடித்த தீனி. காடு தொடங்கும் வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நின்றது. முகமோ பெயரோ அதற்குக் கிடையாது. அந்த வழி போகிற எவரும் பச்சைக் கொப்பு ஒன்றை ஒடித்து அந்தக் கல்லின் மேல் போட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார்கள். காட்டுக்குள் யானை என்ற வார்த்தையைச் சொல்லமாட்டார்கள், பெரியவர் என்பார்கள். எதிரே வந்துவிட்டால் ஓடக்கூடாது. கையெடுத்துக் கும்பிட்டு, பிள்ளையாரப்பா, நாங்க உன் பிள்ளைங்க, வழி விடு என்று சொல்லவேண்டும். தினமும் போகிறவன் நான் ஒருவன்தான் என்பதால், நான் போடுகிற கொப்பு லயத்துக்கே சேர்த்துப் போடுகிற கொப்பு என்று பெண்கள் நினைத்தார்கள். எனக்கு முன் அந்த வேலையில் இருந்தவனுடைய முண்டாசு மட்டும்தான் திரும்பி வந்தது. கொப்பு போட மறந்துவிட்டான் என்றார்கள். போட்டானா மறந்தானா என்று யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் அதைக் கேட்டவன் மறக்கமாட்டான்.

மூணாற்றுத் தபாலாபீசில் பை கட்டி முடியும்வரை வெளியே குந்தியிருக்க வேண்டும். அங்கேதான் உபதேசியார் எனக்கு ஒரு சின்னப் புத்தகம் தந்தார். தோட்டம் தோட்டமாய் நடந்து ஞாயிற்றுக்கிழமை ஜெபம் நடத்துகிறவர் அவர், ஒல்லியான மனுஷர், எப்போதும் இருமல். எழுத்து எதுவானாலும் படித்துவிடும் பழக்கம் எனக்கு. அதனால் படித்தேன். ஒரு இடத்தில், வலையோடு இருந்த அண்ணன் தம்பிகளை இயேசு வந்து கூப்பிடுகிறார். அவர்கள் தகப்பனைப் படகிலேயே விட்டுவிட்டு எழுந்து போகிறார்கள். எனக்கு முதலில் பக்தி ஒன்றும் வரவில்லை. அந்தக் கிழவன் அன்றைக்கு வலையை யாரை வைத்து இழுத்திருப்பான் என்றுதான் யோசித்தேன். பிறகு, பை சுமந்து மலை ஏறும்போது, அந்தக் கூப்பிட்ட குரல் என்னைவிட்டுப் போகவில்லை. என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று பட்டது. சந்தோஷம் வரும் என்று சொல்கிறார்களே, எனக்குப் பயம்தான் வந்தது.

எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. காட்டில் முதுகுக்குப் பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால், மூன்று தரம் கேட்கிறவரை ஏன் என்று கேட்கக்கூடாது. பேய் இரண்டு தரத்துக்கு மேல் கூப்பிடாதாம். நானும் அப்படியே காத்திருந்தேன், பிள்ளைகளே. தேவன் கூப்பிட்டதற்குப் பேய்க்கு வைத்த சட்டத்தை வைத்தேன். சித்திரையில் ஒரு தரம் அந்தப் பக்கத்தைப் படித்து நடுங்கினேன். ஆடி மழையில் இன்னொரு தரம். மூன்றாம் தரம் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. சும்மா நடந்துகொண்டிருந்தேன், வா என்றது. காதால் கேட்டேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் நின்றுவிட்டேன். அதற்கு மேல் தள்ளிப்போட எனக்குத் தைரியம் இல்லை.

உபதேசியாரிடம் போய்ச் சொன்னேன். பாதிரி ஐயர் அடுத்த மாதம் குதிரையில் வருவார், அப்போது ஞானஸ்நானம் என்றார். அதற்குள் பழையதை விடவேண்டும், முதலில் அந்தக் கொப்பை விடு என்றார். உங்கள் அம்மாவிடம் சொன்னபோது அவள் வயிற்றில் பெரியவள் ஆறு மாதம். "நீங்க போற வழிக்கு நானும் வாரேன். இந்தப் பிள்ளை பொறக்கட்டும், அதுவரைக்கும் என்னை ஒண்ணும் கேக்காதீங்க" என்றாள். அவளுக்கும் பயம். அவள் பயம் என்னுடையதைவிட நியாயமானது.

முதல் நாள் கொப்பு போடாமல் கல்லைத் தாண்டியதை எப்படிச் சொல்வது. கை தானாக மேலே போய் ஒரு கிளையைப் பிடித்துவிட்டது. விட்டேன். காட்டுக்குள் நுழைந்ததும் முதுகுத்தோல் கூசியது. ஈற்றை ஒன்றோடொன்று உரசினால் நின்றேன். குரங்கு தாவினால் நின்றேன். மூணாற்றுக்கு வந்து சேர்ந்தபோது சட்டை நனைந்திருந்தது, அன்று மழையே இல்லை. ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் நடக்கவில்லை. ஒரு வாரம் ஆனது, இரண்டு வாரம் ஆனது. எனக்குள் மெல்ல ஒரு நிமிர்வு வந்தது. உபதேசியாரிடம், பார்த்தீர்களா, அவர் ஒருவரே போதும் என்று சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார். நான் அவரைவிடச் சந்தோஷப்பட்டேன்.

லயத்தில் அந்தச் சந்தோஷம் இல்லை. கொப்பு நின்றது எப்படியோ தெரிந்துவிட்டது. காட்டோரத்து வரிசையில் கொழுந்தெடுக்கப் பெண்கள் மறுத்தார்கள். குழாயடியில் நான் போனால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். ஒருத்தி மட்டும், "தபால்காரரு இப்ப துரை சாமியைக் கும்பிடுதாரு. பெரியவரு வந்தா இங்கிலீசுல பேசிக்கிடுவாரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் இரவு சோறு இறங்கவில்லை.

பதினெட்டாம் நாளோ பத்தொன்பதாம் நாளோ, கல்லைத் தாண்டும்போது கண்ணில் பட்டது. கல்லின் மேல் ஒரு பச்சைக் கொப்பு, இலையில் பனி உருளாமல் நின்றது. நேற்றும் ஒன்று கிடந்ததே என்று அப்போதுதான் உறைத்தது. முந்தாநாளும். அந்த வழியில் எனக்கு முன் அவ்வளவு விடிகாலையில் யார் வருவார்கள்? குனிந்து பார்த்தேன். ஒடித்த கொப்பு என்றால் முனை நார் நாராய்க் கிழிந்திருக்கும். இது சாய்வாக, ஒரே வெட்டில் வெட்டியது. பழகிய கையால் தேயிலைச் செடி கழிக்கும் கவாத்துக் கத்தியைத் தூக்கி இழுத்தால்தான் அப்படி விழும். எங்கள் தோட்டத்தில் அப்படி வெட்டுகிறவர் உங்கள் பெரியப்பா.

என் அண்ணனை நீங்கள் பார்த்ததில்லை. கவாத்துக்காரர்களில் முதல் ஆள். அப்பா செத்தபின் என்னைக் கையைப் பிடித்து மலைக்குக் கூட்டிவந்தவர். நான் மாறுகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து அவர் என்னோடு பேச்சை நிறுத்தியிருந்தார். கோபம் என்று நினைத்தேன். இவர் தினமும் பெரட்டுக்கு ஆள் கூட்டச் சங்கு ஊதும் முன்னே எழுந்து, இருட்டு பிரிகிற நேரத்தில் அந்தக் காட்டோரம் வரை தனியே நடந்து, எனக்காகக் கொப்பு போட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

அந்தப் பச்சை இலையைப் பார்த்து நான் நன்றியில் அழுதேன் என்று எழுத ஆசைதான். நான் பயந்தேன். இத்தனை நாள் என்னைக் காத்தது யார்? ஆண்டவரா, இந்தக் கொப்பா? இனி எப்படித் தெரியும்? அவர் ஒருவரே போதும் என்று உபதேசியாரிடம் சொன்ன வாய் உலர்ந்துபோயிற்று.

சாயங்காலம் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவர் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"காலையில எங்கண்ணே போறீக?"

"ஒதுங்கப் போறேன்."

"கல்லு வரைக்குமா?"

கத்தி நின்றது. பிறகு மறுபடி கல்லில் உரசியது. "கண்ணு நல்லாத்தாம்லே இருக்கு உனக்கு. புத்திதான் போயிட்டு."

இனிமேல் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் கத்தியின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டே, "நீ யாரை வேணா கும்பிடு. நான் உன்னைத் தடுத்தனா? உன் பேரைச் சொல்லி ஒரு கொப்பு போடுதேன். அதுல உன் சாமிக்கு என்னலே கொறஞ்சு போச்சு?" என்றார்.

தோன்றியதைச் சொன்னேன். "நீங்க போடுத வரைக்கும், நான் யாரை நம்பி நடக்கேன்னு எனக்கே தெரியாதுண்ணே."

"செத்தாத் தெரியும்" என்றார். அவரே சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. பிறகு வேறு குரலில் கேட்டார். "எனக்கு ஆம்பளப் பிள்ளை இல்ல. நான் செத்தா நீதான் கொள்ளிக்குடம் தூக்கணும். தூக்குவியா?"

அதைப்பற்றி உபதேசியார் முன்னமே சொல்லியிருந்தார். கூடாது என்று. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அண்ணன் கத்தியைச் சாக்கில் சுற்றினார். "சரி, நாளையிலிருந்து போகல. போ" என்றார். அவர் வாக்கு தப்பாதவர். அதுதான் எனக்குப் பயம்.

மறுநாள் கல்லின் மேல் கிடந்தது பழைய கொப்பு. அதற்கு அடுத்த நாள் இலை சுருண்டுவிட்டது. நான் தினமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன். பார்க்கக்கூடாது என்று வேறு பக்கம் முகத்தைத் திருப்பினாலும் கண் அங்கேதான் போகும். முன்பு இருந்த நிமிர்வு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. முழுக்காட்டிலும் நானும் ஆண்டவரும் மட்டும்தான் என்று நினைத்தபோதே, அவர் இருக்கிறாரா என்று கேட்க ஆரம்பித்தேன்.

நாலாம் நாள் திரும்பி வரும்போது நடந்தது. பிற்பகல் இரண்டு மூன்று மணி இருக்கும். பனி கீழே இறங்கி, பத்தடிக்கு அப்பால் வெறும் வெள்ளை. முதலில் மணம் வந்தது, ஈரச் சாக்கும் புளித்த தழையும் கலந்த மாதிரி. பிறகு பாதை நடுவில் ஆவி பறக்கிற சாணம். நான் நின்றேன். என் மணி மட்டும் ஒருதரம் ஒலித்தது. வெள்ளைக்குள் கறுப்பாய் ஒன்று அசைந்தது, பாறை என்று நினைத்தேன், பாறைக்குக் காது இருந்தது. கொம்பன். என்னைப் பார்த்தபடி நின்றது.

பிள்ளைகளே, ஜெபம் என்று ஒன்று உண்டு என்பதே எனக்கு நினைவுக்கு வரவில்லை. அதற்குள் கை இரண்டும் கூடிவிட்டன. வாய் சொல்லிவிட்டது. பிள்ளையாரப்பா, நாங்க உன் பிள்ளைங்க, வழி விடு. ஒருதரம் இல்லை. எத்தனை தரமோ. முழுசாக, எங்கள் ஆட்கள் சொல்கிற அதே இழுப்போடு. யானை காதை அசைத்தது. தும்பிக்கையைத் தூக்கி மணம் பார்த்தது. பிறகு எந்த அவசரமும் இல்லாமல் ஈற்றைக்குள் திரும்பிப் போயிற்று. அவ்வளவு பெரிய உடம்பு போன சத்தம்கூட அதிகம் கேட்கவில்லை.

அது மண்டி போடவும் இல்லை. நான் ஜெபம் பண்ணவும் இல்லை.

முதுகுப்பையோடு பாதைத் திட்டில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். ரொட்டி நசுங்கியது. பங்களாச் சமையல்காரர் அதற்காகக் கத்தியபோது, வழுக்கி விழுந்தேன் என்றேன். அந்த நசுங்கிய ரொட்டியைத் தவிர வேறு சாட்சி இல்லை. யானையைப் பார்த்தபோது வந்த பயம் இறங்கிவிட்டது. அதற்குப் பின் வந்த பயம் இறங்கவில்லை. கூப்பிட்டவரை நான் முதல் சோதனையிலேயே மறுதலித்துவிட்டேன். மறுதலித்ததும் உயிர் பிழைத்தேன். அப்படியென்றால் யாருக்குக் கடன்பட்டேன்? ஞாயிறு அன்று ஐயர் வருகிறார். ஒன்றும் சொல்லாமல் தண்ணீரில் இறங்கிவிடலாம். யாருக்குத் தெரியும்? கூப்பிட்டவர் ஒருவருக்குத் தெரியும். அல்லது போகாமலே இருந்துவிடலாம். அண்ணனுக்குக் கொள்ளிக்குடம் தூக்கலாம், லயத்துக்குக் கொப்பு போடலாம். உங்கள் அம்மாவிடம்கூட நான் வாய் திறக்கவில்லை. அவள் வயிற்றின் மேல் கையை வைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு விடிந்ததும் நேரே மூணாற்றுக்கு, உபதேசியாரிடம் போனேன். ஐயர் வந்து சேர்வதற்கு முன் அவரை ஓரமாய்க் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கொப்பு அண்ணன் போட்டது, நான் யானையைக் கும்பிட்டது, ரொட்டிக்குச் சொன்ன பொய். அவர் என்னைத் திட்டுவார், அடுத்த வருஷம் வா என்பார் என்று எதிர்பார்த்தேன். அப்படி அனுப்பிவிடமாட்டாரா என்று ஒரு ஆசையும் இருந்தது. அவர் இருமினார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான் உங்க தோட்டத்துக்கு வாரப்ப எந்த வழியா வாரேன்னு நினைக்கீரு?"

தெரியாது என்றேன்.

"மேட்டுப் பாதை சுத்தி, நாலு மைல் கூட. ஒரு நாளும் அந்த ஈற்றைக்காட்டுக்குள்ள நான் கால் வைச்சதில்லே. கொப்பை விடுன்னு உமக்குச் சொல்லிட்டு, நான் சுத்தித்தான் வந்தேன்."

ஐயரிடம் அவரே போய் என் விஷயத்தைச் சொன்னார். அவருடையதையும் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. ஐயர் என்னைக் கூப்பிடவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. ஜெபத்துக்கு வந்த எல்லோரும் ஓடைக்குப் போனோம்.

தண்ணீர் மார்பளவு. குளிர் எலும்புக்குள் போயிற்று. கரையில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். ஐயர் என் தலையின் பின்னால் கையை வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி, பழைய தெய்வங்களையும் அவற்றின் பயத்தையும் விட்டுவிட்டாயா என்று கேட்டார். விட்டுவிட்டேன் என்று சொல்லச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"விட்டுட்டேன் ஐயா" என்றேன். பல் அடித்துக்கொண்டது. "பயத்தை மட்டும் இன்னும் விடல. அது என்னை விடமாட்டேங்குது."

கரையில் யாரோ செருமினார்கள். ஐயர் கையை எடுக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை, அவர் அங்கியில் ஒட்டியிருந்த ஒரு பாசித் துணுக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது என்னைக் கரைக்கு அனுப்புவார் என்று நினைத்தேன். "அப்ப அதையும் சேத்துக்கிட்டு உள்ள வாரும்" என்றார். தண்ணீர் தலைக்கு மேல் போயிற்று. உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. பயம் தண்ணீரில் கரைந்துவிடவில்லை, பிள்ளைகளே. ஆனால் நான் அதை மறைக்காமல் முதல்தரம் ஒருவர் கையில் இருந்தேன்.

உபதேசியார் கொடுத்த காய்ந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு, நனைந்ததைச் சுருட்டி அக்குளில் வைத்துத் தனியே திரும்பினேன். ஈற்றைக்காட்டு வழியாகத்தான் வந்தேன். வழியில் வேட்டியை விரித்துக் காயவைத்து, எதுவுமே நடக்காதவன் மாதிரி வீட்டுக்குள் நுழையலாம் என்று ஒரு எண்ணம். தேயிலைச் செடிகளின் மேல் விரித்துப் போட்டுக் காத்திருந்தேன். பனி இறங்கி, வேட்டி இன்னும் ஈரமாயிற்று.

லயத்தில் அந்த நேரம் எல்லோரும் கடைக்குப் போயிருந்தார்கள். உங்கள் அம்மா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். வாசலுக்கு நேரே, பத்து வீட்டுக்கும் பொதுவாய்க் கட்டிய துணிக்கயிறு காலியாக இருந்தது. கடையிலிருந்து திரும்புகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அதுதான். நான் வேட்டியை மறுபடி ஒருதரம் முறுக்கிப் பிழிந்தேன். உதறி, இரண்டு முனையையும் இழுத்து, கயிற்றின் நட்டநடுவில் விரித்துப் போட்டேன்.